கார் சன் ஷேட் செட்: ஸ்டீயரிங் சூட்டுக்கு நல்லது, குழந்தையை உள்ளே விட்டுப்போக உதவாது

தருமபுரி சேலம் ரோட்டில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் இந்த செட்டை வாங்கினேன். முன் கண்ணாடிக்குக் குடை மாதிரி விரியும் வெள்ளி நிறத் திரை ஒன்று, பக்கக் கதவுகளுக்குக் காந்தத்தால் ஒட்டும் கருப்பு வலை நான்கு. 1,100 ரூபாய் சொன்னார்கள், பேசி 950-க்கு முடிந்தது. கோடை முழுக்கப் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். பொருள் நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை விற்கும்போது சொல்லும் ஒரு பேச்சு உயிரை வாங்கக்கூடியது, அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குடைத் திரையை விரித்து முன் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, இரண்டு சன் வைசரையும் மடக்கி அழுத்தினால் நின்றுவிடும், ஒரு நிமிட வேலைகூட இல்லை. வெள்ளிப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். கைப்பிடி நேராக இருக்கும் மாடலை வாங்காதீர்கள், அது டேஷ்போர்டில் இருக்கும் டச் ஸ்கிரீனில் முட்டிக் கீறல் போடும். கைப்பிடி வளையும் மாடல் ஐம்பது நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே கேளுங்கள். சின்ன கார், பெரிய கார் என்று அளவு வேறு வேறு, கார் பெயரைச் சொல்லி, கடை வாசலிலேயே விரித்து வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பக்க வலைகளின் காந்தம் இரும்புச் சட்டத்தில்தான் பிடிக்கும், கதவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் வேலைப்பாடு இருந்தால் நழுவி விழும். வண்டி ஓட்டும்போது முன் கதவு இரண்டிலும் வலையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெளியே இருக்கும் சைடு மிரர் சரியாகத் தெரியாது. இதற்குப் பதிலாகக் கருப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீதம், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி, அதற்குக் குறைந்தால் அபராதம்தான்.

பலன் உண்டா என்றால் உண்டு. கத்திரி வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டீயரிங்கைக் கை வைத்துப் பிடிக்க முடிகிறது. குழந்தை சீட்டின் பெல்ட் பக்கிள் இரும்பு, அது பாப்பாவின் தொடையில் பட்டுச் சுடுவது நின்றது. எனக்கு இது ஒன்றுக்காகவே கொடுத்த காசு சரியாகிவிட்டது. ஏசி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் குளிர்கிறது.

இப்போது அந்தப் பேச்சு. கடைப் பையன் நல்ல பையன்தான், பொறுமையாக எடுத்துக் காட்டினான். காட்டிக்கொண்டே, "அக்கா, இதை மாட்டிட்டீங்கன்னா பாப்பா தூங்கினாக்கூட எழுப்ப வேணாம், அரை மணி நேரம் உள்ளே ஜில்லுன்னு இருக்கும், நீங்க போய் வேலையை முடிச்சிட்டு வரலாம்" என்றான். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பின் சீட்டில் ஒரு குழந்தை கண்ணை மூடித் தூங்குகிற படம். பக்கத்தில் நின்றிருந்த இன்னொருவர், "நாய்க்கும் சரியா இருக்குமா?" என்று கேட்டு, தலையாட்டியதும் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, மொத்த விற்பனைக் கடையில் அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். ஆனால் இது பொய், ஒரு குழந்தையைக் கொல்லக்கூடிய பொய். அங்கேயே அவனிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

நிறுத்திய கார் எப்படிச் சூடாகிறது என்று தெரிந்தால் இந்தத் திரையால் என்ன முடியும், என்ன முடியாது என்பது புரிந்துவிடும். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து டேஷ்போர்டு, சீட், ஸ்டீயரிங் மீது விழுகிறது. அவை சூடாகி, தம்மைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்றுக்கு வெளியே போக வழியில்லை, சூடான பொருட்கள் வெளிவிடும் வெப்பக் கதிரையும் கண்ணாடி வெளியே விடுவதில்லை. முன் கண்ணாடித் திரை டேஷ்போர்டில் விழும் வெயிலை மறிக்கிறது, சரி. ஆனால் கூரைத் தகடு காய்ந்துகொண்டேதான் இருக்கிறது, பின் கண்ணாடிக்குத் திரையே இல்லை, காற்று அடைபட்டேதான் இருக்கிறது. தொடும் இடம் சுடாமல் இருப்பது வேறு, உள்ளே ஒரு உயிர் மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பது வேறு.

2005-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது என்று அளந்து சொன்னார்கள். கடைப் பையன் சொன்ன அதே அரை மணி நேரம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். நம் ஊரில் எல்லோரும் செய்வது அதைத்தான், இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, "காத்து வரும், ஒண்ணும் ஆகாது" என்று போவார்கள்.

நிழலில் நிறுத்தினால்? அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு இதைப் பார்த்தது. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களுக்குள் சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற கார்களுக்குள் 38 டிகிரி. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மனித உடம்பின் சாதாரணச் சூடே 37 டிகிரிதான், அதைவிடச் சூடான காற்றில் அடைபட்டுக் கிடந்தால் உடம்பு எங்கே சூட்டை இறக்கும்? சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டினாலே வெப்பத் தாக்கு, 42-ஐ நெருங்கினால் உயிர் பிழைப்பதே கஷ்டம். தூங்கும் குழந்தை அழுது கூப்பிடும் என்று நம்பவும் முடியாது, வெப்பம் ஏற ஏற அது இன்னும் மயங்கித்தான் போகும்.

நாயின் கதை இன்னும் மோசம். அதன் உடம்பு சாதாரணமாகவே 38, 39 டிகிரியில் இருக்கும். நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அடைபட்ட காருக்குள் அது விடும் மூச்சின் ஈரத்தாலேயே காற்று நனைந்துபோய், இரைப்பதால் ஒரு பலனும் இல்லாமல் போகிறது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் இதில் முதலில் விழும். நம் ஹைவேயில் இது அடிக்கடி கண்ணில் படுகிற விஷயம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வருபவர்கள் நாயைக் கூடவே கூட்டி வருகிறார்கள், ஹோட்டலுக்குள் நாயை விட மாட்டார்கள் என்று காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்து, வந்து, சாப்பிட்டு, பில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஒகேனக்கல்லில் இன்னும் அதிகம். எண்ணெய் மசாஜ், குளியல், மீன், பரிசல் என்று போனால் திரும்பி வர மதியம் சாய்ந்துவிடும். அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டத்தில் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இந்தத் திரையில் யாரும் பேசாத ஆபத்து ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. இது உள்ளே இருப்பதை மறைக்கிறது. முன்னால் வெள்ளித் திரை, நான்கு கதவிலும் கருப்பு வலை. உள்ளே ஒரு குழந்தையோ நாயோ சுருண்டு கிடந்தால் வாட்ச்மேனுக்கும் தெரியாது, பக்கத்துக் காரில் ஏறுபவருக்கும் தெரியாது. திரை இல்லாத காரில் யாராவது ஒருவராவது எட்டிப் பார்த்துக் கத்தியிருப்பார்கள். ஆகவே என் பழக்கம் இது: எல்லோரும் இறங்கிய பிறகு பின் கதவைத் திறந்து, கீழே கால் வைக்கும் இடம் வரை பார்த்துவிட்டு, அப்புறம்தான் திரையை விரிக்கிறேன். நீங்களும் அதே வரிசையில் செய்யுங்கள், முதலில் பார்ப்பது, பிறகு மூடுவது.

மறதி எனக்கெல்லாம் வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் 1998-லிருந்து இதைக் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் காருக்குள் வெப்பத்தால் சாகிறார்கள், அதில் பாதிக்கு மேல் பெற்றவர்களோ பார்த்துக்கொள்பவர்களோ மறந்துபோய் விட்டவை. 2024 மே மாதம் ராஜஸ்தான் கோட்டா பக்கம் கல்யாணத்துக்குப் போன ஒரு குடும்பத்தில், மூன்று வயதுக் குழந்தை அம்மாவோடு இறங்கிவிட்டது என்று அப்பா நினைத்து காரைப் பூட்டிவிட்டார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நாம் இறங்குகிற விதத்தை யோசித்துப் பாருங்கள். சீர்த்தட்டு ஒருவர் கையில், பை ஒருவர் கையில், குழந்தை சித்தியிடம் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கு இன்னொரு வகை ஆபத்து, அது விட்டுப்போவதால் வருவதல்ல. வாசலில் பூட்டாமல் நிற்கும் காரில் விளையாடப் போய்க் குழந்தைகள் தாங்களே மாட்டிக்கொள்வது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே மூன்று குழந்தைகள் இப்படித்தான் போனார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கம் நான்கு குழந்தைகள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்காது, முன் கதவுக்கு ஏறி வர வேண்டும் என்று பயந்துபோன குழந்தைக்குத் தோன்றாது. ஓட்டாமல் ஓரம் கட்டிய பழைய கார் எத்தனை வீட்டு வாசலில் நிற்கிறது! அதையும் பூட்டுங்கள், சாவியை ஆணியில் உயரமாக மாட்டுங்கள். முன் கதவை எப்படித் திறப்பது, ஹாரனை எப்படி விடாமல் அழுத்துவது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். சாவி போடாமலே ஹாரன் அடிக்கும் கார்கள் நிறைய உண்டு, உங்கள் காரில் அடிக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஏசியை ஓட விட்டுப் போகிறோமே என்பவர்களுக்கும் ஒன்று. எஞ்சின் நின்றுபோனால் ஏசியும் போச்சு, உள்ளே இருக்கும் குழந்தை கியரைத் தட்டலாம், பவர் விண்டோவில் கழுத்தை விடலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனைகூடக் கிடையாது.

அடைபட்ட காருக்குள் குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால், ஓனர் வரட்டும் என்று நிற்காதீர்கள். கதவைத் திறந்து பாருங்கள், கூட்டத்தைக் கூப்பிடுங்கள், 108-க்கும் 112-க்கும் அடியுங்கள். குழந்தை அசையாமல் கிடந்தால், அதற்குத் தூரமாக இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடையுங்கள். முன் கண்ணாடியில் மெனக்கெட வேண்டாம், அது இரண்டு அடுக்கு ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடுமே தவிர விழாது. வெளியே எடுத்ததும் நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் விடவே கூடாது. நாய்க்கும் இதே முறைதான், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் வாங்கிய அதே கடையில் கண்ணாடி உடைக்கும் சின்ன சுத்தியல் 150 ரூபாய்க்குத் தொங்குகிறது, சீட் பெல்ட் அறுக்கும் பிளேடும் அதிலேயே இருக்கிறது. யாரும் கேட்டு வாங்குவதில்லையாம். கதவுப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

மதிப்பெண் என்றால் சன் ஷேட் செட்டுக்கு ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது பின் கண்ணாடிக்கு எதுவும் தராததற்கு. அந்தப் பெட்டியில் இருக்கும் தூங்கும் குழந்தைப் படத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது, அதை எடுக்கும்படி தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். கடைப் பையனோ நான் அடுத்த முறை வைப்பர் பிளேடு வாங்கப் போனபோது, வேறொரு குடும்பத்துக்கு இதே செட்டை விரித்துக் காட்டிக்கொண்டு, "ஸ்டீயரிங் சுடாதுண்ணா, ஆனா குழந்தையை மட்டும் உள்ளே விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று சொன்னான். வாங்குபவர்கள் வளையும் கைப்பிடி மாடலைக் கேளுங்கள், 950-க்கு மேல் கொடுக்க வேண்டாம்.