கீமோ காலத்தில் வீட்டுக்கு எந்த தெராபேண்ட் வாங்கலாம்?

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் உடற்பயிற்சிக்கு என்று ஒரே ஒரு பொருள் வாங்குவதானால் அது தட்டையான ரப்பர் பட்டையாக இருக்கட்டும். பிசியோதெரபி அறைகளில் எந்த கம்பெனிப் பட்டையையும் தெராபேண்ட் என்றே சொல்கிறார்கள். டம்பெல் கை தவறினால் கால் மேல் விழும். கீமோவில் விரல் மரத்துப்போனவர்களுக்கு அது சின்ன ஆபத்து இல்லை. பட்டையோ கட்டிலில் உட்கார்ந்தபடியே இழுக்கக்கூடியது, ஆஸ்பத்திரிப் பையில் மடித்து வைக்கக்கூடியது. வெள்ளையணுக்கள் குறைந்து தொற்று எளிதில் வரும் நாட்களில் பலர் தொட்ட ஜிம் கருவிகளைத் தொட வேண்டியதும் இல்லை.

நிறம்தான் கனம். தெராபேண்ட் கம்பெனியின் பட்டைகளை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6 கிலோ எதிர்ப்புத் தரும். சிகிச்சைக் காலத்தில் பெரும்பாலோருக்கு மஞ்சளும் சிவப்பும் போதும். ஐந்து நிறங்கள் சேர்ந்த செட்டை வாங்கினால் கறுப்பும் நீலமும் அலமாரியில்தான் தூங்கும். வேறு கம்பெனிப் பட்டை என்றால் நிறத்தை நம்பாதீர்கள், ஒருவரின் மஞ்சள் இன்னொருவரின் பச்சையாக இருக்கும். டப்பாவில் கிலோ அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நீளம் ஒன்றரை மீட்டர் வேண்டும். அதற்குக் குறைந்தால் காலில் மாட்டி இழுக்கும்போது எட்டாது. கைப்பிடி வைத்த ட்யூப் வகை பிடிக்க வசதி, ஆனால் ட்யூபும் கொக்கியும் சேரும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். முழங்காலுக்கு மேல் மாட்டும் குட்டி வளையங்கள் சுருண்டு தோலை இறுக்கும். கதிர்வீச்சு பட்ட தோலுக்கு அருகில் அவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். லேடக்ஸ் இல்லாத பட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு லேடக்ஸ் ஒவ்வாமை வர வாய்ப்பு கூடுதல், ரப்பர் நாற்றமும் குமட்டலைக் கிளப்பும்.

இனி பயன்படுத்தும் விதம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற வல்லுநர் அமைப்பின் தலைமையில் கூடிய வல்லுநர்கள் 2019இல் வெளியிட்ட பரிந்துரையில், வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி, ஒவ்வொன்றிலும் 2 செட், செட்டுக்கு 8 முதல் 15 முறை என்று இருக்கிறது. கூடவே வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மிதமான நடை. இந்த அளவுக்கே களைப்பு, பதற்றம், மனச்சோர்வு குறைவதும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஓய்வெடுத்தால் களைப்பு போகும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் படுத்தே இருந்தால் தொடைத் தசை கரையும், தசை கரைந்தால் குளியலறைக்குப் போய்வருவதே பெரிய வேலையாகும், களைப்பு இன்னும் ஏறும். பட்டை இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது.

முதலில் கற்க வேண்டியது உட்கார்ந்து பின்னால் இழுப்பது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கால்களை நீட்டி, பட்டையை இரண்டு பாதங்களுக்கும் அடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் போடுங்கள். சும்மா மாட்டினால் நழுவி முகத்தில் அடிக்கும். ஷூ போட்டிருப்பது நல்லது. மூச்சை விட்டபடி முழங்கைகளைப் பின்னால் இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, மூன்று நொடி எடுத்து விடுங்கள். பலர் படக்கென்று விட்டுவிடுகிறார்கள். பாதிப் பலன் அந்த மெதுவாக விடுவதில் இருக்கிறது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். 15 முறை இரண்டு செட் சுலபமாக முடிந்தால் அடுத்த நிறம்.

தொடைக்கு மட்டும் இந்தப் பட்டை ஏமாற்றமே. மஞ்சளும் சிவப்பும் தொடைக்குப் பற்றாது. அதற்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே மேல். பாக்ளிடாக்செல், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகளால் பாதம் மரத்திருந்தால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய நாட்களில் ஏசி அறையைத் தவிருங்கள், குளிர் பட்டால் விரல் கூசும்.

மார்பக அறுவை சிகிச்சை செய்தவர்கள் பட்டையைக் கைப்பக்கம் சுற்றிக் கட்டவே கூடாது. அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்த கையை அது இறுக்கும். தனியாக விற்கும் கைப்பிடியைப் பட்டையில் கோத்துப் பிடியுங்கள். கை வீங்கிவிடும் என்று பயந்து பாரமே தூக்காமல் இருக்கத் தேவையில்லை. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், ஏற்கெனவே நிணநீர் தேங்கிக் கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு எடை தூக்கினார்கள். தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடுதலாகவில்லை; நிணநீர்ப் பிரச்சினை மோசமானது அவர்களில் 14 சதவீதத்தினருக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கு. பயிற்சி கண்காணிப்போடு, மிக லேசாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்பட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வளையலோ ரவிக்கைக் கையோ திடீரென இறுகினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோள்பட்டையருகே போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சின்னக் கருவி) வைத்திருந்தால் பட்டை அதன் மேல் உரசக்கூடாது.

நடைக்குப் பட்டை மாற்றே அல்ல. 2025இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில், மூன்று ஆண்டு வழிகாட்டலோடு உடற்பயிற்சி செய்த பிரிவில் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம், கையேடு மட்டும் பெற்ற பிரிவில் 74. அந்தப் பலன் வேக நடை போன்ற பயிற்சியினுடையது, ரப்பர் பட்டையினுடையது அல்ல. பெட்டியில் அப்படி எழுதி விற்றால் நம்ப வேண்டாம்.

பட்டையை எடுக்கவே கூடாத நாட்கள் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சி கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. பிளேட்லெட் 20,000க்குக் கீழே என்றால் ஓய்வு. 50,000 வரை மஞ்சள் பட்டை மட்டும், அதுவும் டாக்டர் சொன்னால். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே, மயக்கம், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் என எது இருந்தாலும் பயிற்சி கிடையாது, டாக்டரிடம் காட்டுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால், முக்கியமாக முதுகெலும்பில், இடுப்பை முறுக்குவதும் குனிந்து இழுப்பதும் கூடாது. எந்தப் பயிற்சி சரி என்று ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து பிசியோதான் சொல்ல வேண்டும். வயிற்றில் போட்ட துளை வழியே கழிவு சேர ஸ்டோமா பை வைத்திருப்பவர்கள் வயிற்றை முக்கி இழுத்தால் குடலிறக்கம் வரலாம்.

தேங்காய் எண்ணெய்க் கையால் லேடக்ஸ் பட்டையைத் தொடாதீர்கள், ரப்பர் இளகிவிடும். மிதமான சோப்பில் அலசி நிழலில் காயவைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தெரிகிறதா என்று பார்த்த பிறகே இழுங்கள், இருந்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள். இரண்டரை மடங்கு நீளத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், பட்டை உங்களுக்கு மிக லேசானது என்று அர்த்தம்.