‘ஐஸ் மாதிரியே ஓடும்’ என்று விற்கும் இன்லைன் சில்லுகள்: காசு கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் ஹொக்கி விளையாடும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோடை (சமர்) தொடங்கியதும் பிள்ளைகள் இன்லைன் ஸ்கேட், அதாவது சில்லுகள் ஒரே வரிசையில் உள்ள ஸ்கேட், கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து ‘ஐஸ் ஃபீல் செட்டப்’ என்று விளம்பரம் போட்டு, இருக்கிற ஸ்கேட்டின் சில்லுகளை மாற்றித் தரும் ஆட்களும் கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒருவருக்கு நாங்கள் 240 டொலர் கொடுத்தோம். கிடைத்தது பிழையான அளவில், பாவித்த சில்லுகள். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். மகள் பின்பக்கமாக விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட வேண்டி வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகள் விண்டர் முழுக்க ஐஸில் நிற்பவள். சமரில் பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று இன்லைன் ஹொக்கி ஸ்கேட் ஒரு சோடி வாங்கியிருந்தோம். நல்ல ஸ்கேட்தான். ஆனால், “அம்மா, இது திரும்பவே மாட்டேன் என்குது” என்று நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னது நியாயம். ஐஸ் ஸ்கேட்டின் பிளேடு நேர்க்கோடாக இருப்பதில்லை. முன்னிருந்து பின்வரை மெல்லிய வளைவு ஒன்று உண்டு. ரொக்கர் என்பார்கள். ஹொக்கி பிளேடுகளில் அது பெரும்பாலும் 9 முதல் 11 அடி வரை ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதனால் பிளேட்டின் ஒரு சிறு பகுதிதான் எப்போதும் ஐஸைத் தொடும். பாரத்தை முன்னே பின்னே மாற்ற, தொடும் இடமும் நகரும். சட்டென்று திரும்ப முடிவது அதனால்தான். இன்லைனில் நாலு சில்லும் ஒன்றாகத் தரையில் பதிந்து நிற்கும். நேராக ஓட நல்லது, திரும்புவதற்குக் கஷ்டம். இந்தக் குறையைத் தீர்க்க உண்மையான வழிகள் இருக்கின்றன, அதைக் கீழே சொல்கிறேன். மினசோட்டாவில் 1980 அளவில் ஸ்கொட் ஓல்சன், பிரெனன் ஓல்சன் என்ற ஹொக்கிச் சகோதரர்கள் ரோலர்பிளேட் என்ற இன்லைன் ஸ்கேட் நிறுவனத்தைத் தொடங்கியதே ஐஸ் இல்லாத மாதங்களில் பயிற்சி செய்யத்தான். ஆகவே சக்கரத்தில் ஐஸின் உணர்வைத் தேடுவது பிள்ளைகளின் வீண் ஆசை இல்லை. அந்த ஆசையை வைத்து ஏமாற்றுவதுதான் அநியாயம்.

மகளின் ஸ்கேட் ‘ஹை-லோ’ வகை. முன் இரண்டு சில்லும் 76 மில்லிமீற்றர், பின் இரண்டும் 80. சில்லுகள் வேறு வேறு அளவென்றாலும் நாலும் தரையைத் தொடும், ஏனென்றால் சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டத்தில் பின் அச்சுகள் முன் அச்சுகளைவிட 2 மில்லிமீற்றர் உயரத்தில் துளைக்கப்பட்டிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடந்த மோசடி முழுக்க இந்த 2 மில்லிமீற்றரில்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி ஒரு சின்ன இடத்தில் திருத்த வேலை செய்பவர். நம்முடைய ஆள்தான், மரியாதையாகக் கதைத்தார். ஸ்கேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, எல்லாத்தையும் ஒரே சைஸ் சின்னச் சில்லா மாத்துவம். ஐஸ்ல நிக்கிற மாதிரியே இருக்கும்” என்றார். வெளியே ரெனிஸ் கோர்ட்டிலும் தார் நிலத்திலும்தான் ஓடுவாள் என்று நான் தெளிவாகச் சொன்னேன். அதற்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: வெளிப்பாவனைக்கு 82ஏ சில்லு, புதுசு, ஏபெக் 9 பேரிங். (82ஏ என்பது சில்லின் கடினம், ஏபெக் 9 என்பது சில்லைச் சுற்ற வைக்கும் பேரிங்கின் இலக்கம். இரண்டையும் கீழே விளக்குகிறேன்.) எடுக்கப் போனபோது ஸ்கேட்டை மேசையில் வைத்து ஒரு விரலால் தட்டிக் காட்டினார். முன்னும் பின்னும் ஆடியது. “பாருங்கோ அக்கா, இதுதான் ரொக்கர்.”

ரொக்கருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மகள் போட்டுக்கொண்டு இறங்கியதும், பின்னுக்கு இழுக்கிறது என்றாள். பழகப் பழகச் சரிவரும் என்று அந்தத் தம்பி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். இரண்டாம் கிழமைக்குள் சில்லுகளின் உள்விளிம்பு அழிறப்பர் மாதிரித் தூளாகக் கொட்டத் தொடங்கியது. ஒருநாள் பின்னோக்கி ஓடித் திரும்பும்போது குதிச் சில்லிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, அவள் அப்படியே மல்லாக்க விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், கடவுள் காப்பாற்றினார்.

அதன் பிறகு ஸ்கேட்டை வேறொரு ரிங்கில் பிளேடு தீட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கண்ணாடி மேசையில் நிறுத்தி, சப்பாத்தின் நடுவில் கையால் அமத்திக்கொண்டு, ஒரு ரசீதுத் தாளை ஒவ்வொரு சில்லின் கீழும் நுழைத்தார். முதல் சில்லின் கீழ் தாள் வழுக்கிப் போனது. இரண்டாவதில் மாட்டியது. மூன்றாவதில் திரும்பவும் போனது. நாலாவதில் மாட்டியது. பிறகு மூக்குப் பக்கம் அமத்தினார், முன் இரண்டும் தாளைப் பிடித்தன, பின் இரண்டும் மேலே தொங்கின. நாலும் 76. ஹை-லோ சட்டத்தில் பின்னால் 80 இருக்க வேண்டிய இடத்தில் 76 போட்டால் குதி 2 மில்லிமீற்றர் கீழே இறங்கும். ஸ்கேட் இரண்டாம் சில்லிலும் நாலாம் சில்லிலும் குந்திக்கொண்டு நிற்கும். மேசையில் அது ஆடிய ஆட்டம் அதனால் வந்தது. உண்மையான ரொக்கரில் நடு இரண்டு சில்லும் தாழ்ந்து, முன்னதும் கடைசியும் கொஞ்சம் தூக்கி நிற்கும். ஆடும் மையம் பாதத்தின் நடுவில் இருக்கும். இவளுக்கோ முன்சாய்வு போய்விட்டது. ஐஸ் ஸ்கேட்டிலும் ஹை-லோவிலும் குதி சற்று உயர்ந்து, உடம்பு முன்னுக்குச் சாய்ந்து நிற்கும். அதில் பழகிய பிள்ளையைக் குதியில் உட்கார வைத்தால் பின்னுக்குத்தானே விழும்?

சில்லின் பக்கத்தில் பாதி அழிந்த எழுத்தில் 74ஏ என்று இருந்தது. சில்லு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் இலக்கம் அது. 74, 76 எல்லாம் உள்ளரங்கின் வழுக்கும் பிளாஸ்டிக் தரைக்கு. நன்றாகப் பிடிக்கும், மென்மை. தாருக்கும் கொங்கிறீற்றுக்கும் 82, 84 அளவில் வேண்டும். மென்சில்லைத் தாரில் விட்டால் கெதியாகத் தேயும், துண்டாகவும் பிய்யும். எழுத்து அழிந்திருந்ததால் அது பாவித்த சில்லு என்பதும் உறுதி. எங்களுடைய 80 மில்லிமீற்றர் சில்லு நாலும் திரும்பி வரவேயில்லை.

பேரிங் விஷயமும் அப்படித்தான். ஒரு சில்லுக்குள் இரண்டு பேரிங், அவற்றுக்கு நடுவே ஒரு சிறு குழாய், ஸ்பேசர். அதுதான் இரண்டையும் சரியான இடைவெளியில் வைத்திருக்கும். மூன்று சில்லில் அது இல்லை. ஸ்பேசர் இல்லாமல் அச்சை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நெரிபட்டுச் சில்லு சுற்றாது, தளர்த்தினால் ஆடும். ஏபெக் என்பது பேரிங் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் அளவு மட்டும்தான். 1, 3, 5, 7, 9 என்று போகும். ஸ்கேட்டின் வேகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மலிவுப் பேரிங்கின் மூடியிலும் 9 என்று அச்சடிக்கலாம். அந்த இலக்கத்துக்காக மேலதிகக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, ஐஸ் உணர்வு வேண்டுமென்றால் என்னதான் செய்வது? நாலு அச்சும் ஒரே மட்டத்தில் உள்ள சட்டமென்றால் நடு இரண்டுக்கு 80, இரண்டு முனைக்கும் 76 போடலாம். முனைகள் 2 மில்லிமீற்றர் தூக்கி நிற்கும், உடனே திரும்பும். மகளுடையது போன்ற ஹை-லோ சட்டத்தில் முன்னிருந்து 72, 76, 80, 76 என்று போட்டால் அதே வளைவு வரும். இதற்கு விலையும் உண்டு. வேகமாக நேரே போகும்போது கொஞ்சம் அலையும், நடுச் சில்லுகள் முதலில் தேயும். அதனால் பழகிய பிள்ளைக்குத்தான் இது. ஸ்கேட்டிங் இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்கு நாலும் தரையில் நிற்பதே நல்லது. அடுத்தது, சட்டமே வளைவாக அசையும் வகை. சுவீடனைச் சேர்ந்த பெர் மோர்ஸ் உருவாக்கிய மார்ஸ்பிளேட் அப்படிப்பட்டது. நாலு சில்லும் தரையில் இருக்க, சப்பாத்து அதன்மேல் முன்னும் பின்னும் உருளும். விலை அதிகம். ஆனால் செய்வதாகச் சொல்வதைச் செய்யும் பொருள். இன்னும் சிலர், பிள்ளையின் ஐஸ் சப்பாத்திலேயே பிளேட்டைக் கழற்றி இன்லைன் சட்டத்தைப் பூட்டுகிறார்கள். கால் பழகிய சப்பாத்து என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சட்டம் ஒரு மயிரிழை கோணினாலும் ஸ்கேட் ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் அனுபவமுள்ள கையிடம் மட்டும் கொடுங்கள்.

ஆனால் எந்தச் சில்லும் ஐஸின் ஹொக்கி ஸ்டொப்பைத் தராது. ஐஸில் பிளேடு குறுக்கே சறுக்கிக்கொண்டே சீவி நிறுத்தும். சில்லு சறுக்க வேண்டுமென்றால் கடினமாக இருக்க வேண்டும், வளைவில் பிடிக்க வேண்டுமென்றால் மென்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சில்லில், அதுவும் தார் நிலத்தில் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். பிள்ளைக்கு ஒரு காலைப் பின்னால் இழுத்து நிறுத்தும் டீ-ஸ்டொப்பைப் பழக்குங்கள்.

சில்லு மாற்றக் கொடுக்கும்போது அளவு, ஏ இலக்கம், புதியதா பாவித்ததா, ஸ்பேசர் உண்டா, கழற்றியதைத் திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சில்லின் விட்டத்தை அளக்க ஒரு காலிப்பர் கையில் இருந்தால் நல்லது. தேய்ந்த 80 சில்லை 76 என்று தள்ளிவிடவும் வாய்ப்புண்டு. உள்விளிம்பு சரிந்திருந்தால் அது ஓடிய சில்லு. கிரெடிட் காட் எடுக்க மாட்டேன், பணமாகவோ ஈ-ட்ரான்ஸ்பராகவோ தா என்றால் வெளியே வந்துவிடுங்கள். எங்களிடமும் அப்படித்தான் கேட்டு வாங்கினார்.

விழுந்த பிறகு அவருக்குப் போன் எடுத்தேன். “பாவிச்ச சாமானைத் திருப்பி எடுக்க ஏலாது அக்கா” என்றார். பிறகு அவர் என் போனை எடுக்கவேயில்லை. ஒன்ராறியோவில் ஒரு பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் காசைத் திருப்பிக் கேட்கும் பொது உரிமை இல்லை, உண்மை. பொய் சொல்லி விற்றது வேறு விஷயம். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற நடவடிக்கை. ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து அந்தக் கொடுக்கல் வாங்கலை ரத்துச் செய்யலாம். அவருடைய குறுஞ்செய்தி, 74ஏ என்று தெரியும் சில்லின் படம், பெரியவர் எழுதித் தந்த குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கடிதம் அனுப்பிவிட்டேன். மாகாண அரசின் நுகர்வோர் பிரிவிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

இப்படி ஏற்கெனவே சில்லு மாற்றி எடுத்தவர்கள் இன்றைக்கே அந்தத் தாள் சோதனையைச் செய்து பாருங்கள். நாலும் தாளைப் பிடித்தால் சரி. ரொக்கர் கேட்டுப் போட்டதென்றால் நடு இரண்டும் பிடிக்க வேண்டும். இரண்டாவதும் நாலாவதும் மட்டும் பிடித்தால், சரியான அளவுச் சில்லு வரும்வரை பிள்ளையை அதில் ஏற விடாதீர்கள்.