பயத்தை மறைக்காத கதை அட்டைகள்: ஒரு மதிப்புரை

குடும்ப ஜெபத்திலும் ஞாயிறு பள்ளியிலும் பயன்படுத்துவதற்காக, தைரியம் என்னும் ஒரே பொருளில் அமைந்த வேதாகமக் கதை அட்டைத் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். அட்டையின் முன்பக்கத்தில் ஒரு படமும், பின்பக்கத்தில் சுருக்கமான கதை, மனன வசனம், பிள்ளையிடம் கேட்பதற்கான ஒரு கேள்வி ஆகியவையும் உள்ளன. விசுவாசமுள்ள பிள்ளை பயப்படவே கூடாது என்று போதிக்கும் வெளியீடுகளைப் பார்த்துச் சலித்திருந்ததால், கிதியோன் அட்டையைத்தான் முதலில் எடுத்தேன்.

அது ஏமாற்றவில்லை. இஸ்ரவேலரை ஒடுக்கிய மீதியானியருக்குத் தெரியாமல் ஆலைக்கருகே கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோனைத் தேவதூதன் "பராக்கிரமசாலியே" என்று அழைத்ததையும், அவன் பாகால் என்னும் அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தைப் பகலில் இடிக்கப் பயந்து இரவில் இடித்ததையும் (நியாயாதிபதிகள் 6) அட்டை மழுப்பாமல் சொல்கிறது. "பயந்துகொண்டே நீ செய்த நல்ல காரியம் என்ன?" என்பது அதன் கேள்வி. இருட்டில் தனியே படுக்கத் தயங்கும் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, எல்லாரும் கேலி செய்த பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததைச் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "இதற்கெல்லாமா பயம்?" என்று அதட்டும் பெரியவர்களிடம் எந்தப் பிள்ளையும் இப்படி மனந்திறப்பதில்லை.

தாவீதின் அட்டையும் நன்று. கோலியாத் விழுந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் கர்த்தர் தன்னைத் தப்புவித்ததை அவன் நினைவுகூர்ந்ததற்கும், சவுல் ராஜா அணிவித்த பழக்கமில்லாத கவசத்தைக் கழற்றி வைத்ததற்கும் அது இடம் ஒதுக்குகிறது. தானியேல் அட்டையின் படத்தில் மட்டும் சிங்கக்கெபிக்குள் ஓர் இளைஞன் நிற்கிறான். அவரைக் கெபியில் போடுவித்த தரியு ராஜாவின் காலத்தில் தானியேல் ஏறத்தாழ 80 வயது முதியவர் என்பதை ஓவியருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

மனன வசனங்களில் குறை உண்டு. யோசுவா 1:9-இல் "திகையாதே, கலங்காதே" என்பதை மட்டும் அச்சிட்டு, "நீ போகும் இடமெல்லாம் உன் தேவனாகிய கர்த்தர் உன்னோடே இருக்கிறார்" என்ற பகுதியை விட்டுவிட்டார்கள். காரணத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கட்டளைதான். அதற்கு மாறாக, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்னும் சங்கீதம் 56:3 முழுமையாக இருக்கிறது. ஊசி போடும் அறையில்கூடப் பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்ளக்கூடிய அளவுக்கு அது சிறியது.

இதைவிடப் பெரிய குறை அக்கினிச்சூளை அட்டையில் உள்ளது. ராஜா நிறுத்திய பொற்சிலையைப் பணிய மறுத்ததால் சூளையில் போடப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்பவர்கள் தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிற்காமல், அவர் விடுவிக்காமற்போனாலும் அந்தச் சிலையைப் பணியமாட்டோம் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாம் பாதி அட்டையில் இல்லை. ஜெபித்த பின்னும் நோய் தீராத வீட்டில் வளரும் பிள்ளைக்கு முதற்பாதி மட்டும் போதாது. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்றோ, தன் விசுவாசம் போதவில்லை என்றோ அது எண்ணிவிடும்.

தாள் தடிமனாக இருக்கிறது, எழுத்தும் பெரியது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அக்கினிச்சூளை அட்டை வரும் நாளில் வேதாகமத்தைத் திறந்து, தானியேல் 3:16 முதல் 18 வரை பெற்றோரே உரக்க வாசித்துவிடுவது நல்லது.