மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவரா, ருமட்டாலஜி மருத்துவரா?

திண்டிவனத்தில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். காலையில் ஊசியில் நூல் கோக்க முடிகிற நேரத்தை வைத்தே என் நோயை அளக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், அந்த நேரம் ஏழு மணியிலிருந்து எட்டரைக்குத் தள்ளிப்போனது. எட்டரை வரை விரல்கள் மடங்காது. கத்தரிக்கோலின் வளையம் கட்டைவிரல் கணுவைத் தாண்டாது. குக்கர் மூடியைத் திருக மகளைக் கூப்பிட வேண்டும். "இது சரவாங்கி, எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதல் வாரமே சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

முதல் எட்டு மாதம் எங்கள் ஊர் எலும்பு மருத்துவரிடம் போனேன். அதன் பிறகு இன்றுவரை ருமட்டாலஜி, அதாவது மூட்டு வாத நோய்களை மருந்தால் கவனிக்கும் துறை. இரண்டு வாசலையும் மிதித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கவில்லை: வலி பல மூட்டுகளில், பல வாரமாக நீடித்தால் ருமட்டாலஜி மருத்துவர்தான்.

யாருக்கு எது என்பதன் பொது விதி பலருக்கும் தெரிந்ததுதான். விழுந்து அடிபட்டது, வயதான முழங்காலின் தேய்மானம், நடக்கும்போது மூட்டு பூட்டிக்கொள்வது, மாற்று மூட்டு அறுவை இவையெல்லாம் எலும்பு மருத்துவருக்கு உரியவை. இரண்டு கையிலும் ஒரே இடத்தில், விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, காலை விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்தால், உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். பெரியம்மா சொன்ன சரவாங்கி இதுதான். தேய்மானத்திலும் காலையில் விறைக்கும், ஆனால் கொஞ்ச நேரம் நடமாடினால் விட்டுவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரே மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் எந்த நிபுணர் என்று யோசிக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

எலும்பு மருத்துவரின் பெரிய வசதி, அவர் அருகில் இருப்பது. என் கடையிலிருந்து பத்து நிமிட நடை. எக்ஸ்ரே அங்கேயே எடுத்துவிடலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முடக்குவாதத்தின் தொடக்க மாதங்களில் எலும்பு அரிக்கப்பட்டிருக்காது, ஆகவே படம் சுத்தமாகத்தான் வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முடக்குவாதத்துக்கு வழக்கமாக எடுக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. அந்தத் தாளை நம்பி மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அந்தப் பரிசோதனை இல்லை என்றே காட்டும். நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்கு இருக்கிறது என்றும் காட்டும். பிறகு எடுத்த, இதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்ட்டி சிசிபிதான் என் விஷயத்தில் பதில் சொன்னது.

அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் நன்றாக இருந்தேன். மறுபடி வீங்கியபோது, "இது என் துறை இல்லையம்மா, ருமட்டாலஜி பாருங்கள்" என்று அவரேதான் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் இழந்தது அந்த எட்டு மாதத்தைத்தான். நோய் தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து கிடைத்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். என் வலது சுண்டுவிரல் இன்று லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இனி எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நோயின் பெயரை யார் கண்டுபிடிக்கிறார் என்பதைவிட, மருந்து தொடங்கிய பிறகு யார் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறார் என்பதே பெரிய கேள்வி. முடக்குவாதத்துக்கு முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். விலை குறைந்த, சின்ன மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். என் மருத்துவர் சீட்டில் "ஞாயிறு இரவு மட்டும்" என்று தமிழில் எழுதிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். நான் வாங்கிய கடையிலோ உறையின் மேல் "இரவு 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சிவப்பு வட்டம் கண்ணில் பட்டதால் தப்பினேன். அன்றிலிருந்து நாள்காட்டியில் ஞாயிறு தோறும், மாத்திரை போட்ட பிறகு, பென்சிலால் ஒரு கோடு. அதன் கெடுதலைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வேறொரு நாளில்.

இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாங்குவதற்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்துப் பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இதற்கிடையில் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அளவு நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சேர்த்தால் கண்ணின் விழித்திரையையும் பார்க்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று இருக்கும் பெண்கள் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சில மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும், அதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான். இத்தனையையும் தினசரி வேலையாகச் செய்கிறவர் ருமட்டாலஜி மருத்துவர். எலும்பு முறிவுகளுக்கும் அறுவைக்கும் நடுவில் இருப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ருமட்டாலஜியில் முதல் நாள் நான் வியந்தது ஒரு சின்ன விஷயத்துக்கு. மருத்துவர் என் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, தாளில் வரைந்திருந்த உருவத்தில் புள்ளி வைத்தார். அன்று 14 மூட்டு வலித்தது. நான்காம் மாதம் 6. ஒரு வருடத்தில் 2. "கொஞ்சம் பரவாயில்லை" என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக ஒரு எண் இருந்தது. எண் குறையாவிட்டால் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ காரணமும் இருந்தது. எட்டு மாதத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாக யாரும் தொட்டதில்லை.

இப்படித் தொடர்ந்து போய்க் காட்ட வேண்டியிருப்பதால்தான் சென்னையைவிட அருகில் உள்ள இடத்தையும் தேர்ந்தெடுத்தேன். முதலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினேன். நல்ல கவனிப்பு. ஆனால் ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் கடையை ஒரு நாள் மூட வேண்டும், மூன்றாவது முறை போகாமலே விட்டுவிட்டேன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறிக் கோரிமேட்டில் இறங்கினால் ஜிப்மர். அங்கே இந்தத் துறைக்குப் பெயர் கிளினிக்கல் இம்யூனாலஜி. ருமட்டாலஜி என்ற பலகையைத் தேடினால் குழம்பிப்போவீர்கள், அதனால் சொல்கிறேன். அரசு மருத்துவமனை என்றால் காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும். கைவேலையை எடுத்துப் போவேன். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே ருமட்டாலஜிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

சித்த மருத்துவம் பற்றியும் கேட்பீர்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய்த் தேறியதாகச் சொல்லும் உறவினர் எனக்கு உண்டு. நான் போனதில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். படித்த சித்த மருத்துவரைப் பார்ப்பது வேறு, யாரோ கொடுக்கும் லேபிள் இல்லாத பொடி வேறு. அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். இரண்டு மருத்துவத்தையும் சேர்த்து எடுப்பதானால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். கல்லீரல் ஒன்றுதான்.

மாத்திரை போதாதவர்களுக்குப் போடும், விலை கூடிய பயாலஜிக் ஊசிகள் எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் அவற்றைப் பற்றி என் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலும்பு மருத்துவரை ஒரேயடியாக விட்டுவிடவும் இல்லை. போன ஆடியில் மோதிர விரல் மடங்கினால் நிமிராமல் பூட்டிக்கொண்டபோது, என் ருமட்டாலஜி மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அதே பத்து நிமிட நடையில் அவரிடம்தான் போனேன்.

முதல் முறை போகிறவர்கள் பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துப்போங்கள். போட்ட ஊசிகளின் பெயரையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கை வீங்கியிருக்கும் காலையில், இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் பதினொரு மணிக்கு வீக்கம் பாதி வடிந்திருக்கும்.