இனப்பிரச்சினையை வாய் திறந்து கதைக்கவிட்ட ஒரு பட்டறை

நல்லிணக்கப் பட்டறை என்றாலே யாழ்ப்பாணத்தில் ஆக்களுக்கு அலுப்பு, வட்டமாக இருத்தி நாலு பாட்டுப் பாடவிட்டுப் படமும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். நல்லூர்ப் பக்கம் நடந்த இந்த ஒருநாள் பட்டறை அப்படி இல்லை.

காலையிலேயே இரண்டு விதி சொன்னார்கள். "சிங்களவர்", "சோனகர்" (முஸ்லிம்கள்), "தமிழர்" என்று ஒரு சமூகத்தையே சேர்த்துக் குற்றம் சொல்லக்கூடாது, யார், எப்போது, யாருக்கு, என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். கேட்பவர் "இது துவேசம்" என்று வாயை அடைக்கக்கூடாது, எந்த இடம் பிழை என்று காட்ட வேண்டும். யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றி ஒரு ஐயா கோபத்தோடு தொடங்க, நடத்திய அக்கா "ஆர் எரிச்சது எண்டு வடிவாச் சொல்லுங்கோ ஐயா" என்றார். 1981இல் பொலிஸ்காரர் என்ன செய்தார்கள் என்று அவர் விவரமாகச் சொல்ல, கண்டியிலிருந்து வந்த பெடியன் ஒருவன் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டான்.

பிறகு யாழ்ப்பாணத்து முஸ்லிம் பகுதியான சோனகதெரு அம்மா ஒருவர், புலிகள் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றிய 1990 ஒக்ரோபர் 30ஐச் சொன்னார். வெளியேற இரண்டு மணிநேரம்தான் கொடுத்தார்கள், வீட்டையும் கடையையும் விட்டுப் புத்தளம் போனோம் என்றார். உடனே பின்னாலிருந்து "கிழக்கில தமிழருக்கு நடந்தது?" என்று ஒரு குரல். அக்கா அதை அடக்கவில்லை, அதற்கும் நேரம் தருவேன், முதலில் இவர் முடிக்கட்டும் என்றார், மத்தியானம் சொன்னபடி கொடுத்தார். இதுக்காகவே நான் முழு மதிப்பெண் போடுவேன்.

சட்டப் பகுதியும் பயனுள்ளது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் (ICCPR சட்டம் என்பார்கள், குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி இலங்கை கொண்டுவந்தது) தடுப்பது பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வெறுப்புப் பரப்புரையை, நடந்த கொடுமையைச் சொல்வதை இல்லை. ஆனாலும் 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவரை இதே சட்டத்தில் உள்ளே வைத்தார்கள், ஆக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

குறையும் உண்டு. சிங்களத்தில் நீளமாகச் சொன்னதை மொழிபெயர்த்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைவிட மோசம், ஒருவர் சாதியை எடுத்தபோது "இண்டைக்கு அது தலைப்பில்லை" என்று விட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதித் தமிழரை உள்ளே விடாமல் மறித்ததும் தமிழர்தானே, அதைக் கதைக்காமல் மற்ற இனத்தாரிடம் மட்டும் எப்படிக் கணக்குக் கேட்பது?

அடுத்தமுறை கட்டாயம் போங்கள். நடத்துகிறவர்கள் மொழிபெயர்ப்புக்கு இன்னொரு ஆளைப் போட்டு, சாதிக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும்.