வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா? புதுச்சேரியில் வாடகை வீடு தேடுவோருக்கு

புதுச்சேரிக்குக் குடிவர நினைப்பவர்களில் பலர், கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நடந்த சந்தோஷத்திலேயே எந்தப் பகுதி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் அப்படி மயக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் அந்த வீட்டில்தான் கழிக்க வேண்டும்.

பழைய நகரத்தைச் சுற்றி முட்டை வடிவில் புல்வார் சாலை ஓடுகிறது. அதற்குள்ளே பெரிய வாய்க்கால் வடக்கு தெற்காக ஊரைப் பிரிக்கிறது. கிழக்கே கடல்வரை பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. புல்வாருக்கு வெளியே லாஸ்பேட்டை, ரெயின்போ நகர், ரெட்டியார்பாளையம் போன்ற புதிய குடியிருப்புகள் மூன்றாவது வாய்ப்பு. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிரு ஆண்டாவது தங்கப்போகிற குடும்பத்துக்கு, வாய்க்காலுக்கு மேற்கே கூரை உறுதியாக உள்ள பழைய வீடு. அது அமையவில்லை என்றால் லாஸ்பேட்டை. பிரெஞ்சுப் பகுதி எனக்கு மூன்றாவதுதான்.

பிரெஞ்சுப் பகுதியின் அழகை யாரும் மறுக்க முடியாது. 1761-ல் ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையோடு ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். அதன்பின் மீண்டும் எழுந்த வீதிகள் இவை. உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், வளைவுகள் கொண்ட தாழ்வாரம் என்று ஒவ்வொரு வீடும் தெருவுக்கு முதுகைக் காட்டித் தனக்குள் வாழ்கிறது. மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதால், அங்கே குழந்தைகளை அச்சமின்றி நடத்திச் செல்லலாம். இது பெரிய வசதி.

ஆனால் தூமா வீதி, ரோமன் ரோலன் வீதிப் பக்கம் முழு வீடு வாடகைக்குக் கிடைப்பது அரிது. பெரிய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. நமக்குக் கிடைப்பது பின்கட்டோ மாடி அறையோதான். வாடகை மூன்று பகுதிகளிலும் இங்கேதான் அதிகம். சனி, ஞாயிறுகளில் வீதி சுற்றுலாப் பயணிகளுடையது, வண்டி நிறுத்த இடம் இருக்காது. காய்கறிக்கும் மீனுக்கும் வாய்க்காலைத் தாண்டிப் பெரிய மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். உப்புக்காற்றும் இங்கே நேராக அடிக்கிறது. கதவுக் கீல், கிரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைவு. ஆறு மாதம் தங்கி எழுதவோ படிக்கவோ வருகிற ஒருவருக்கு இந்தப் பகுதி ஏற்றது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேற்கே வாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். பல வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் அமைப்பாகவும், மாடி பிரெஞ்சு பாணியில் வளைவுச் சன்னல்களோடும் இருக்கும். இரண்டு கட்டடக் கலைகள் ஒரே சுவரில் இப்படிச் சேர்ந்திருப்பதைப் பார்க்க வைசியாள் வீதிக்குப் போக வேண்டும். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று சீரமைத்த அந்த வீதிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தெற்கே முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள் வாழும் தெருக்களிலும் நல்ல பழைய வீடுகள் உண்டு. தேடுபவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

முற்றம் உள்ள வீட்டில் சித்திரை வெயிலிலும் பகலில் இருக்க முடிகிறது. தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் சூட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. பால், பூ, மளிகை, மருந்து எல்லாம் நடை தூரம். இரைச்சல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் நடைபாதைச் சந்தை கூடினால் வண்டியை எடுக்கவே முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கூரை விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. இவ்வீடுகளின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் பதித்திருப்பார்கள். பராமரித்தால் தலைமுறைகளைத் தாண்டும். நீர் கசிந்தால் முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் நுழையும் உத்தர முனை. ஆகவே வீடு பார்க்கும்போது அந்த முனைகளை அண்ணாந்து பாருங்கள்: கறுத்திருக்கிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா? சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் கவனியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். பிறகு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி கட்டடம் (பழைய நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் கண்டது. அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது. கவனிக்காமல் விட்ட கட்டடத்துக்கு ஒரு மழைக்காலம் போதும்.

இன்னொன்று, முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்பு அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

புல்வாருக்கு வெளியே உள்ள அடுக்குமாடிகளில் இந்தக் கவலைகள் குறைவு. வண்டி நிறுத்துமிடம், மின்தூக்கி, ஓரளவு நியாயமான வாடகை எல்லாம் உண்டு. ஆனால் நிலத்தின் மட்டத்தை விசாரிக்காமல் போகாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, மக்களைப் படகில் மீட்டார்கள். விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டை மேட்டு நிலம். நான் அதை இரண்டாவதாக வைப்பதற்கு இதுதான் காரணம். கான்கிரீட் என்பதால் உப்புக்காற்று விட்டுவிடும் என்றும் எண்ண வேண்டாம். உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்தால் பால்கனியின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும்.

குடிநீரை எந்தப் பகுதியிலும் குடித்துப் பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கும்.

ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதத்துக்கு எழுதப்படும். மேற்குப் பகுதி வீடுகள் பல, பங்காளிகள் சிலருக்குப் பொதுவானவை. அண்ணன் கையெழுத்திட்டு, தம்பி வந்து காலி செய்யச் சொன்னால் நடுவில் நிற்பது குடியிருப்பவர்தான். உரிமையாளர்கள் அனைவரின் ஒப்புதலையும் எழுத்தில் கேளுங்கள். மேல்தள ஒழுக்கை யார், எத்தனை நாளுக்குள் சரிசெய்வது என்பதற்குத் தனிப் பிரிவு இருக்கட்டும். அதை எழுதித்தரத் தயங்குகிற வீட்டை, முற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட்டு அடுத்த வீதியில் தேடுங்கள்.