ஹெட்போன் சரியாகிவிட்டது, அந்த அரை நொடி மட்டும் போகவில்லை

போன வாரம் ஹெட்போனின் இடது காது செத்துப்போனது. வயர் வைத்த பழைய ஹெட்போன், ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறது. போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் வயரை ஒரு கோணத்தில் மடக்கிப் பிடித்தால் பாட்டு வரும், விட்டால் போய்விடும். இரண்டு நாள் ரப்பர் பேண்ட் சுற்றி ஓட்டினேன். மூன்றாம் நாள் அதற்கும் மசியவில்லை. சனிக்கிழமை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன்.

ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான் கடை. கடைக்காரர் வயரை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "பின் கிட்ட உள்ளுக்குள்ள அறுந்திருக்கு சார். வெட்டிட்டுப் புதுப் பின் போட்டுடலாம், நூத்தம்பது" என்றார். இரண்டு அங்குலம் போனது. உள்ளே தலைமுடி மாதிரி கம்பிகள், மேலே எனாமல் பூச்சு. அதைச் சால்டரிங் அயர்ன் நுனியாலேயே சுட்டு எடுத்தார். சிவப்பு வலதுக்கு, பச்சை இடதுக்கு, செம்பு நிறம் எர்த்துக்கு. மூன்று பொட்டு ஈயம். "பாட்டு போட்டுப் பாருங்க சார்."

நான் போட்டது 'ப்ராமிசஸ்'. 2021இல் வந்த ஆல்பம். ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் சாம் ஷெப்பர்ட், சாக்ஸபோன்காரர் ஃபரோவா சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, மூன்று பேரும் சேர்ந்தது. முதல் பகுதியின் கடைசி நிமிஷத்துக்கு இழுத்துவிட்டு ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். சத்தம் குறைவான இடம், வயரில் கரகரப்பு இருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். "ரெண்டு பக்கமும் வருது" என்று தலையாட்டினார். அப்புறம் சட்டென்று புருவம் சுருங்கியது. வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "இப்ப ஒரு கட் ஆச்சு சார்."

"அது வயர் இல்லைங்க, பாட்டு ஆப். ஒரு டிராக் முடிஞ்சு அடுத்தது வரும்போது அப்படித்தான் விடும்."

"பாட்டே இன்னும் முடியலையே சார், அதுக்குள்ள எப்படி அடுத்த பாட்டு?" என்றவர், சொல்லச் சொல்லக் கேட்காமல் பின்னின் மூடியைத் திருகிக் கழற்றி மறுபடியும் சால்டர் வைத்தார். மறுபடி போட்டோம். அதே இடத்தில் மறுபடி வெட்டியது. இந்த முறை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காசு குடுத்துத்தான கேக்குறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

இந்த அரை நொடியைப் பற்றி யாரிடமாவது புலம்ப வேண்டும் என்று இரண்டு வருஷமாக இருந்தேன். முதல் தடவை கேட்ட மனிதர், அதுவும் கடைசி ஒரு நிமிஷம் மட்டும் கேட்டவர், கண்டுபிடித்துவிட்டார். 46 நிமிஷமும் ஒரே பாட்டு. ஒன்பது பகுதி என்று பிரித்திருப்பது நம் வசதிக்குத்தான். ஏழு சுரம் கொண்ட ஒரு சின்ன அடுக்கு, பியானோவும் ஹார்ப்சிகார்டும் செலெஸ்டாவும் கலந்த மாதிரி ஒரு மினுக்கு, சில நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். கோயில் பிராகாரத்தைச் சுற்றிவரும்போது அதே தூண் மறுபடி மறுபடி வருவது போல. அதன் மேல் சாண்டர்ஸ் ஊதுகிறார். அறுபதுகளில் ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோடு நின்று காது கிழிய ஊதிய ஆள், இங்கே எண்பது வயதில், மூச்சு வெளியே வரும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி ஊதுகிறார். நான்காம் பகுதியில் சாக்ஸபோனை எடுத்துவிட்டு வாயாலேயே ஏதோ முனகுவார். சொல் எதுவும் கிடையாது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வார் இல்லையா, அப்படி. 2022 செப்டம்பரில் போய்விட்டார்.

இதன் நடுவே எட்டு இடத்தில் என் ஆப் கத்தரி வைக்கிறது. சுரம் தேய்ந்துகொண்டே இருக்கும், மங்கி மங்கிப் போகும், டக். ஒன்றுமில்லை. பிறகு தேய்ந்த இடத்திலிருந்தே மீதி.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். எம்பி3 வகைச் சுருக்கத்தில் ஒலியை ஒரே அளவுப் பெட்டி பெட்டியாகக் கட்டுகிறார்கள். ஒரு பெட்டிக்கு 1,152 மாதிரி, அதாவது ஒலியை அளந்து எடுத்த சாம்பிள். நொடிக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு பெட்டி 26 மில்லி நொடி. பாட்டு சரியாக ஒரு பெட்டியின் ஓரத்தில் முடியாது. அரிசி அளக்கும்போது கடைசிப் படி நிறையாவிட்டால் உமியைப் போட்டு நிரப்பினால் எப்படியோ, அப்படி மிச்சத்தில் மௌனத்தைப் போட்டு நிரப்புகிறார்கள். தொடக்கத்திலும் கொஞ்சம் உமி சேரும். எவ்வளவு உமி என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதிவைக்க வழி இருக்கிறது. அதைப் படித்து உமியைத் தள்ளிவிட்டு, அடுத்த பாட்டை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் வெட்டு தெரியாது. சோம்பேறி பிளேயர் படிக்காது. இத்தனைக்கும் எல்.பி. ரெக்கார்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஒரு பக்கம் முழுக்க ஒரே கோடு. சிடியிலும் டிராக் என்பது ஒரு மைல்கல் மட்டும்தான், சாலை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தாத்தாவிடம் இருந்தது பேரனிடம் இல்லை.

செட்டிங்ஸில் இடைவெளி இல்லாமல் ஒலிக்கவும் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. போட்டிருக்கிறேன். பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் வசதியை ஐந்து நொடிக்கு வைத்தும் பார்த்தேன், சாண்டர்ஸ் தன் மேலேயே ஏறி உட்கார்ந்தார். டவுன்லோட் செய்து வைத்துக் கேட்டால் வெட்டு சின்னதாகிறது. ரயிலில் டேட்டாவில் கேட்டால் பெரிதாகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள், எந்த மாடல் போன் என்று தெரிவியுங்கள் என்று பதில் வந்தது. நீக்கிப் போட்டேன். மாடலைத் தெரிவிக்கவில்லை. ஆப்பில் இருக்கிற கோளாறுக்கு என் போனை ஏன் விசாரிக்கிறார்கள் என்று கோபம்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஆபீஸில் ஒரு தம்பி. "அண்ணா, இந்த நாலஞ்சு வருஷத்துல வந்ததுல எதெல்லாம் இன்னமும் கேக்குறீங்க? வந்த வாரம் கேட்டுட்டு விட்டதெல்லாம் வேணாம்" என்று கேட்டான். நல்ல கேள்வி. ரிலீஸ் ஆன வாரம் எல்லா ஆல்பமும் நன்றாகத்தான் இருக்கும்.

பியான்சேவின் 'ரினைசன்ஸ்' 2022இல் வந்தபோது நான் சீந்தவில்லை. நடனப் பாட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு ஒட்டடை அடிக்கும்போது மகள் ஸ்பீக்கரில் போட்டாள். பதினாறு பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒன்றின் வாலை அடுத்தது பிடித்துக்கொண்டு ஓடுகிறது. 'எனர்ஜி' முடிகிற இடமும் 'பிரேக் மை சோல்' ஆரம்பிக்கிற இடமும் ஒன்றேதான், தையலே தெரியாது. அது மகளின் போன், மகளின் கணக்கு, வேறு ஆப். அன்றைக்கு ஒட்டடைக் கம்போடு அப்படியே நின்றுவிட்டேன். மறுநாள் என் போனில் அதே இடத்தைக் கேட்டேன். டக். ஆடிக்கொண்டிருந்தவன் படியில் கால் வழுக்கிய மாதிரி. அன்றிலிருந்து இந்த ஆல்பத்தை என் போனில் கேட்பதில்லை. நல்ல ஆல்பம், எனக்கில்லை.

ஆண்ட்ரே 3000. அவுட்காஸ்ட் குழுவின் காலத்து ராப் பாடகர், பதினேழு வருஷம் ஆல்பம் எதுவும் வராமல் இருந்து 2023 நவம்பரில் 'நியூ ப்ளூ சன்' விட்டார். ஒரு வரி ராப் கிடையாது, 87 நிமிஷமும் புல்லாங்குழல். முதல் பாட்டின் தலைப்பே ஒரு மன்னிப்புக் கடிதம்: நிஜமாகவே ராப் ஆல்பம்தான் செய்ய நினைத்தேன், காற்று இந்தப் பக்கம் அடித்துவிட்டது என்கிற பொருளில் ஒரு நீள வாக்கியம். என் போன் திரையில் அது ஓடி முடிவதற்குள் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் பாதி தூரம் வந்துவிடும். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற அந்தப் பாட்டு அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் நுழைந்ததிலேயே மிக நீளமானது என்று சாதனையும் வைத்தது. நம் காதுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மாலியையும் ரமணியையும் கேட்டு வளர்ந்தவனுக்கு இவர் வாசிப்பது இன்னும் கற்றுக்கொள்கிறவர் வாசிப்பு. அது உண்மையும்கூட. அதை மறைக்காமல் வாசிக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் அபிப்பிராயம் வேறு. "குக்கர் விசில் சரியா வரலன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. இரவு பதினொரு மணிக்கு மேல், தூக்கம் வராத நாளில் மட்டும் கேட்கிறேன். தூங்கிவிடுகிறேன். குறையாகச் சொல்லவில்லை.

சார்லி எக்ஸ்சிஎக்ஸ் பாடிய 'பிராட்' ஆல்பம் கேட்டேன். பச்சை அட்டை. பாத்திரம் கழுவ நன்றாக இருக்கிறது.

தி க்யூர் என்ற ஆங்கில ராக் குழு பதினாறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' கொண்டுவந்தார்கள். எட்டே பாட்டு. முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்க மூன்று நிமிஷம் தாண்டுகிறது, கடைசிப் பாட்டில் ஆறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "அப்பா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றான். ஆரம்பித்துவிட்டது என்று சொன்னால் நம்பவில்லை. அறுபத்தைந்து வயதில் மனிதர் பெற்றோர், அண்ணன் எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுப் பாடுகிறார். குரல் மட்டும் முப்பதிலேயே நிற்கிறது. மழைக்காலத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு பாட்டும் முழுசாக முடிந்த பிறகே அடுத்தது வருவதால் என் ஆப்புக்கும் இதற்கும் சண்டை இல்லை. இப்படிக் காரணம் பார்த்து ஒரு ஆல்பத்தை விரும்ப ஆரம்பித்திருக்கிறேன் என்பதே எனக்கு எரிச்சல்.

சக்தி குழுவின் 'திஸ் மொமன்ட்' பற்றி அதிகம் எழுத முடியாது. 1977க்குப் பிறகு சக்தி என்ற பெயரில் 2023இல் வந்த ஸ்டுடியோ ஆல்பம். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ். எழுபதுகளில் அப்பா விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்திருக்கிறார். 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கினார்கள். வந்த புதிதில் தினமும் கேட்டேன். கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி, மேடையில் கேட்ட வியர்வை இதில் இல்லை என்று குறைகூடச் சொன்னேன். அந்த டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார். நான்கு மாதம் போடவில்லை. மறுபடி போட்ட அன்றைக்கு, தபலாவில் இடது கை பாயாவை அழுத்தி இழுக்கும் அந்த ஒரு கும்காரம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வந்தது. குறை என்ன சொன்னேன் என்று மறந்துபோனது.

நியாயமாகப் பார்த்தால் நான் இவ்வளவு துள்ளக் கூடாது. கல்லூரிக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்க ஒரு வாரம் அலைந்தவன். ஏ பக்கம் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் நடுவரியில் நின்றுவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த வார்த்தையில் எனக்கு மூச்சு நிற்கிறது. இப்போது ஒரு பிரியாணி விலைக்கு மாதம் முழுக்க உலகத்துப் பாட்டெல்லாம் பாக்கெட்டில். அரை நொடிக்கு அழலாமா? ஆனால் ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் முதலிலேயே சொல்லுவார்: "தம்பி, கடைசிப் பாட்டு முழுசா வராது, பரவால்லயா?" பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன். இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. பொத்தான் மட்டும் பச்சையாக எரிகிறது.

ஆக, ஹெட்போனுக்கு முழு மார்க். நூற்றைம்பது ரூபாயில் இன்னும் ஆறு வருஷம் ஓடும். ஆல்பங்களில் 'ப்ராமிசஸ்'தான் முதல், சந்தேகமே இல்லை, ஆனால் ஆப்பில் கேட்காதே, சிடி கிடைத்தால் வாங்கு. ஆப்புக்கு வருஷச் சந்தா முடிய ஒன்பது நாள் இருக்கிறது, புதுப்பிக்க மாட்டேன். இதைத்தான் தம்பிக்கு நேற்று ராத்திரி அனுப்பினேன், இதே அளவு நீளத்துக்கு.

காலையில் பதில் வந்திருந்தது. "அண்ணா, ப்ராமிசஸ் ஃபுல்லா கேட்டேன். செம. நானும் நீங்க சொல்ற அதே ஆப்தான் வெச்சிருக்கேன், எங்கயுமே கட் ஆகலையே?"

தம்பியின் போன் என்ன மாடல் என்று கேட்டிருக்கிறேன்.